கொசுறு கேட்ட ஏஜென்ட்

பேரம் பேசுவதில் என் செல்போனை மிஞ்ச ஈரேழு பதினாலு லோகத்திலும் ஆளில்லை. ரிட்டயர் ஆன தெம்பில் ஒரு ஏஐ ஏஜென்டை என் ஆன்லைன் பேமென்ட் கணக்கோடு இணைத்து, ஒரே ஒரு கட்டளை போட்டேன்: கொசுறாகக் கறிவேப்பிலை தராத கடைக்குப் பணம் அனுப்பாதே. "கொசுறுக்கு ஆசைப்பட்டா தக்காளியே வராது. தங்கச்சி சாப்பிட வந்தா உங்க போனைப் போட்டுத்தான் ரசம் வைக்கணும்" என்றாள் மனைவி தில்லைநாயகி. காய்கறி ஆப்பில் விற்பதும் ஒரு ஏஜென்ட்தான். கறிவேப்பிலைக்குத் தனி விலை என்றது அது. அப்படியென்றால் பணம் கிடையாது என்றது என்னுடையது. இரண்டும் நாலு யுகம் மல்லுக்கட்டின. அடுப்பில் பருப்பு வெந்து குழைந்தே போயிற்று. பணம் அனுப்பும் பொத்தான் மட்டும் திரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியில் கடை ஏஜென்ட் இறங்கிவந்து, கறிவேப்பிலை, விலை பூஜ்யம் என்று பில்லில் சேர்த்தது. அந்த நொடியே பணம் போனது. வந்த பையில் தக்காளிக்கு மேலே ஒரு கறிவேப்பிலைத் தோப்பே இருந்தது. சாப்பிடும்போது நான் இதை விவரிக்க, கொழுந்தியாள் சிரித்தாள். "என்னக்கா, அத்தான் வழக்கம்போல அளக்கிறாரா?" தில்லைநாயகி ரசத்தில் மிதந்த இலையை ஒதுக்காமல் மென்றாள். "தோப்பு மட்டும்தான் பொய். மத்ததெல்லாம் நடந்துச்சுடி."