ஏழிலைச் செடி

"ஒரு காம்புல ஏழிலை வந்தா அது காட்டு ரோஜா. பிடுங்கிக் குப்பையில போடு."

தன் ரோஜாத் தொட்டிகளின் இடுக்கில் தானாக முளைத்திருந்த நாற்றைப் பார்த்து வத்சலா சொன்னாள்.

"உசுரு வந்துடுச்சேம்மா, இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள் வேலைக்கு வரும் தனபாக்கியம்.

"ரோஜாவைப் பத்தி உனக்கென்ன தெரியும்? போய்ப் பாத்திரத்தைக் கழுவு."

இரண்டு வருடம் கழித்து, பேத்தியின் காதுகுத்துக்குத் தனபாக்கியம் அழைத்தாள். முதல்முறையாக அவள் வீட்டுக்குப் போன வத்சலா, கொல்லையில் நின்றுவிட்டாள். பழைய பெயின்ட் வாளியில், அன்று குப்பையில் போடச் சொன்ன அந்த ஏழிலைச் செடிதான். சந்தன நிறத்தில், ஓரம் மட்டும் சிவந்த பூக்கள். இப்படியொரு ரோஜாவை அவள் எங்குமே கண்டதில்லை. வாசனை சந்துமுனை வரை போயிருந்தது.

கேட்க வாய் வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு குச்சியை ஒடித்துக் கைப்பையில் திணித்தாள்.

"அது இளங்குச்சிம்மா, நட்டா அழுகிடும். பூத்து முடிஞ்ச தண்டா எடுக்கணும்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க?"

பின்னால் தனபாக்கியம், கையில் பாயசத் தம்ளரோடு.

வத்சலா கைப்பையைப் பின்னால் மறைத்தாள். "இல்ல, உன்னைக் கேட்கலாம்னுதான்..."

"ஐயோ, கேட்டு வாங்கினா வேர் பிடிக்காதும்மா. திருடி வெச்சாத்தான் துளிர்க்கும்பாங்க. நல்ல தண்டா எடுத்துக்குங்க, நான் பார்க்கலை."

தம்ளரைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

வத்சலாவின் கை எழவில்லை.

"எடுத்துட்டீங்களாம்மா? நான் திரும்பட்டுமா?"