கொஞ்சம் சிரிங்க சார்

"கொஞ்சம் சிரிங்க சார்" என்று போட்டோகிராபர் மறுபடியும் சொன்னார்.

சார் சிரிக்கவில்லை. இழுத்து மூடிய கடை ஷட்டர் போலிருந்தது முகம்.

அவருடைய மனைவி டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாண நாளும் அதுவுமாக ஒரு படம் எடுத்துக்கொள்ள வந்தால் இந்தப் பாடா?

ஒரு காலத்தில் அவர் பஸ் கண்டக்டர். அவர் அடிக்கிற ஜோக்குக்குச் சிரித்துச் சிரித்தே இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

பிறகு நடுக்குவாதம் வந்தது. முதலில் கையை ஆட்டிவைத்தது. அப்புறம் முகத்துத் தசைகளை இறுக்கிப் பூட்டியது.

தன்மேல் இருந்த ஆசைதான் வற்றிப்போய்விட்டதோ என்று டீச்சர்கூடத் தொடக்கத்தில் குமைந்தாள். நரம்பு டாக்டர்தான் புரியவைத்தார். முகம்தான் மரத்திருக்கிறது, மனுஷன் இல்லை.

துணைக்கு வந்திருந்த அண்ணன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எத்தனை நாளைக்கும்மா இந்த மரக்கட்டையோட குடித்தனம் பண்ணுவ? அவரப் பாத்துக்க ஆள் போட்டுரலாம். நீ நம்ம வீட்டுக்கு வந்துடு."

மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. கண்டக்டரின் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

டீச்சர் நேராகப் போய், தள்ளிப் போட்டிருந்த தன் ஸ்டூலைக் காலாலேயே கணவரின் பக்கம் நகர்த்தி, தோளோடு தோள் உரச உட்கார்ந்தாள்.

"அவர் சிரிச்சுக்கிட்டுதான் இருக்காரு. உங்களுக்குத் தெரியலன்னா அது உங்க பாடு. எடுங்க."

போட்டோகிராபர் வாயை மூடிக்கொண்டு எடுத்தார்.

படம் வந்தது. யார்மேலோ கேஸ் போடப் போகிறவர் மாதிரி கண்டக்டர் விறைத்து உட்கார்ந்திருக்கிறார். டீச்சரோ கண்ணில் நீர் முட்ட, பல்லெல்லாம் தெரிய, விழுந்துவிடுவாள் போலச் சிரிக்கிறாள்.

கவலையில் தங்கைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே அண்ணன் முடிவு கட்டிவிட்டார். டீச்சர் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற சுவரில் மாட்டினாள்.

படத்தில் விழாதது அவருடைய வலது கை மட்டும்தான். அது அவள் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது.

முன்பெல்லாம் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் இருந்துவிடுவார்.

இப்போது நடுக்கத்தின் புண்ணியத்தில், கிள்ள ஆரம்பித்தால் நிற்பதே இல்லை.