சீதன மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிளின் முதல் திருகாணியின் தலை, திருப்பத் தொடங்கியதுமே விசுக்கோத்து மாதிரி உதிர்ந்து போயிற்று.

எமிலியானுஸ் மூக்கைச் சுளித்துக்கொண்டு கையில் ஒட்டிய இரும்புக் கறளை வேலிப்பக்கம் உதறினார்.

மகள் பெற்றிசியா மண்ணெண்ணெய் ஊற்றிய தகரப் பேணியோடு பக்கத்தில் குந்தியிருந்தாள். இடது மணிக்கட்டு வீங்கி நீலம் பாரித்திருந்ததால் பேணியை வலது கையால் பிடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பேசாலையில் புருஷன் வீட்டிலிருந்து இந்த மோட்டார் சைக்கிளில் கிளம்பினாள். கோயிலடியில் நிற்கவில்லை. நேரே தோட்டவெளிக்கு, அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இனி வின்சன்ட்டிடம் திரும்பிப் போகமாட்டேன் என்று வாசலிலேயே சொன்னாள். அப்பா அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மறுநாள் பட்டினத்துக்குப் போய் வந்தார்; இன்று காலை சுத்தியலும் உளியும் கிடக்கிற ஆயுதப் பெட்டியை முற்றத்துக்குத் தூக்கிவந்தார்.

அவர் அப்படித்தான். பஸ் டிப்போவில் வேலை பார்த்த காலத்திலிருந்தே மனம் குழம்பினால் எதையாவது கழற்றிப் பூட்டுவார். அம்மா செத்த கிழமை முழுவதும் கிணற்று மோட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அழவில்லை. ஆகவே அவர் வண்டியின் சீற்றைக் கழற்றத் தொடங்கியபோது, தனக்காகத்தான் கொதிக்கிறார் என்று பெற்றிசியா நினைத்தாள்.

சீற்றைத் தூக்கியதும் அழுகல் மீன் நாற்றம் அடித்தது.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் பூமாலை போட்டு நிறுத்திய வண்டி அது. வின்சன்ட் அதன் பின்னால் கம்பி அடித்து, மீன் பெட்டியைக் கட்டி, விடியற்காலையில் மன்னார்ச் சந்தைக்கு ஓடினான். பெட்டியிலிருந்து மீன்தண்ணி ஒழுகாத நாளில்லை. கழுவுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. சீற்றுக்கு அடியில் செதிளும் இறால் தலையும் கறளும் ஒன்றாகக் குழைந்து சர்க்கரைப் பாணிபோலக் கிடந்தன. அதற்குள் புழு நெளிந்தது.

இந்த நாற்றம் அவளுக்குப் புதிதல்ல. இதே நாற்றமுள்ள கைதான் போன கிழமை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியது. அது தலைமுடிக்குள் வரும், சோற்றுக் கோப்பைக்குள் வரும், எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் போகாது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா முகத்தைத் திருப்பவில்லை. மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டார். சுத்தியலால் மெல்லத் தட்டினார். தலை உடைந்த ஆணிகளை உளியால் நோண்டி எடுத்தார். மட்காட் ஆணி, செயின் கவர் ஆணி, இலக்கத்தகட்டு ஆணி என்று ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தூக்கிப் பார்த்து, செத்த எலியை எறிவதுபோல எறிந்தார். மீன் பெட்டி கட்டுகிற கம்பியையும் கழற்றி வேலிக்கு அப்பால் வீசினார்.

அது போய் விழுந்த சத்தத்தில் பெற்றிசியாவுக்கு நெஞ்சு நிறைந்தது. இனி இதில் மீன் ஏறாது. இதிலேயே பாலம் கடந்து முருங்கனுக்குப் போகலாம். கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்த மருந்துக்கடையில் இன்னமும் ஆள் தேடுகிறார்களாம்.

“தூ!” அப்பா காறித் துப்பினார். கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. “ஒருத்தன் ஆசையாக் குடுத்ததை இப்பிடியோ வச்சிருக்கிறது? மனிசனோ அவன்?”

இந்த ஒரு கேள்வியைத்தான் அவள் வந்த நாள் முதல் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது. அப்பா பார்க்காதபடி தோளில் துடைத்துக்கொண்டாள்.

பட்டினத்தில் வாங்கிவந்த புது ஆணிகளை அவர் கடதாசியில் கொட்டினார். கறள் பிடிக்காத நல்ல சாமான். ஒவ்வொன்றிலும் கிறீஸ் பூசி, ஆட்டிப் பார்த்து, பிள்ளைக்குத் தோடு பூட்டுகிற பக்குவத்தோடு முறுக்கினார். மத்தியானச் சாப்பாட்டைக் கூட மறந்துவிட்டார். கடைசியில் ஸ்டார்ட் செய்து காதைக் கிட்ட வைத்துக் கேட்டார். கடகடப்பு இல்லை. அவர் முகம் மலர்ந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“மருமகனோ? ஓம், வண்டியெல்லாம் சரி. எல்லாம் புது ஆணி. பின்னேரம் வந்து என்ரை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ.”

பெற்றிசியாவின் கையிலிருந்த பேணி சரிந்து மண்ணெண்ணெய் காலில் ஊற்றியது. அப்பா அவளை ஒருதரம் பார்த்தார். மணிக்கட்டையும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஒரு சொல்லுச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. காசு குடுத்து வாங்கினது. உப்புக்காத்தில வெளியில விடாதேங்கோ. மீன்தண்ணி பட்டால் உடனை கழுவுங்கோ. முரட்டுத்தனமாப் பாவிக்காதேங்கோ.”

சொல்லிவிட்டுக் கொஞ்சம் தாமதித்தார். இப்போது தன் கையைப் பற்றிச் சொல்வார் என்று அவள் காத்து நின்றாள்.

“வேறை ஒண்டுமில்லை, மருமகன். வைக்கிறன்.”

அப்பா சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். கை நாறுகிறது என்று முணுமுணுத்தார். வின்சன்ட்டைப் பார்த்துக்கூட வந்திராத அருவருப்பு, அந்த முதுகைப் பார்த்து அவளுக்கு வந்தது.

சாவி வண்டியிலேயே இருந்தது. இடது கை முருங்கன் வரைக்கும் தாங்கினால் போதும்.