மாடிவீட்டு அட்டவணை

"நீங்க மட்டும் இல்லேன்னா எங்க பொண்ணு நுழைவுத் தேர்வுன்னு கனவுகூடக் கண்டிருக்க மாட்டா, டீச்சர்!"

மாடிவீட்டு அம்மா வாசலிலேயே வழிமறித்துச் சொன்னாள். கணக்கு டீச்சர் அப்போதுதான் பயிற்சி நிலையத்திலிருந்து வீடு திரும்பியிருந்தாள். தோளிலிருந்த பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

"அட, நான் என்னங்க பண்ணினேன்? படிக்கிறது அவதானே" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"அப்படிச் சொல்லாதீங்க. காசு கட்டிப் பயிற்சிக்கு அனுப்ப எங்களுக்கு ஏது வசதி? நீங்க உக்காந்து அட்டவணை போட்டுக் குடுத்தீங்களே, அந்த மனசு யாருக்கு வரும்? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு சும்மாவா சொன்னாங்க? உங்க பையன் நல்லா வருவான் பாருங்க."

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற பெண் கண் கலங்கச் சிரித்தாள். "ஆமா ஆன்ட்டி. சொந்தப் பிள்ளைக்குப் போட்ட மாதிரியே போட்டிருந்தீங்க."

அவர்கள் படியேறிப் போன பிறகும் டீச்சர் வாசலிலேயே நின்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்கு நெஞ்சு எரிந்தது.

ஊரில் ஒரே கல்லூரி. இருக்கிற இடமோ கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். மாடிவீட்டுப் பெண் கெட்டிக்காரி. அதே தேர்வை எழுதப்போகிற டீச்சர் மகன் சுமார்தான். அந்தப் பெண் வந்து, "எப்படிப் படிக்கணும்னு சொல்லிக் குடுங்க ஆன்ட்டி" என்று கேட்டபோது மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. நல்லதைச் சொல்ல மனம் வரவில்லை. அதனால் தலைகீழாக ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தாள். அதிகம் கேள்வி வராத பாடங்கள் எல்லாம் முன்னால். மார்க் கொட்டுகிற பாடங்கள் கடைசியில், அரைகுறையாக. 'மாதிரித் தேர்வு பக்கமே போகாதே, வீண் பயம் வரும்' என்று அடியில் ஓர் அறிவுரை வேறு. கிள்ளிவிட்டதும் அவள்தான், தொட்டிலை ஆட்டியதாகப் பேர் வாங்குவதும் அவள்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

உள்ளே மகன் படித்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே சுவரில் அவனுடைய அட்டவணை. டீச்சர் தன் அனுபவத்தை எல்லாம் பிழிந்து எழுதி, மேலே 'என் தங்கத்துக்கு' என்று சிவப்பு மையில் போட்டிருந்தாள். அந்தத் தங்கமோ, அதில் இல்லாத ஏதோ ஒரு பாடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது.

"சுவத்துல என்ன போட்டிருக்கு, நீ என்னடா படிக்கிற? இன்னிக்கு மாதிரித் தேர்வு எழுதினியா?"

"இல்லம்மா."

"நேத்து?"

"இல்ல."

"நீ எழுதிக் கிழிச்ச மாதிரிதான்! பரீட்சை ஞாயித்துக்கிழமை. மாடிவீட்டுப் பொண்ணைப் பார்த்தாவது..." பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். யாரைக் காட்டி யாரைத் திட்டுவது?

"அவ நல்லா எழுதிடுவாம்மா. நீ கவலைப்படாத" என்றான் மகன், புத்தகத்தைப் பார்த்தபடியே.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு தாளை எடுத்து, மிச்சமிருக்கிற நாட்களுக்கு எந்தப் பாடம் முக்கியம், எத்தனை மாதிரித் தேர்வு எழுத வேண்டும் என்று மளமளவென்று எழுதினாள். காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ளலாம் என்று முடிவு கட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

கதவைத் திறந்த பெண்ணிடம் தாளை நீட்டினாள். "கண்ணு, நான் முன்னாடி குடுத்தது... அது சரியில்ல. தப்பு என் மேலதான். இனிமேலாவது இதைப் படி."

பெண் தாளை மேலும் கீழும் பார்த்தாள். "இதெல்லாம் நான் முடிச்சிட்டேனே ஆன்ட்டி! மாதிரித் தேர்வுகூடத் தினமும் எழுதுறேன்."

"எதைப் பார்த்து?"

"நீங்க போட்ட அட்டவணைதான்!" பெண் சுவரைக் காட்டினாள். அங்கே ஒட்டியிருந்தது ஒரு ஜெராக்ஸ். டீச்சரின் கையெழுத்துதான். மேலே, 'என் தங்கத்துக்கு'. "முதல்ல குடுத்தது மாறிப்போச்சு, நீங்க எனக்குப் போட்டது இதுதான்னு மறுநாளே உங்க பையன் வந்து மாத்திக் குடுத்துட்டானே. மேல எழுதியிருந்ததைப் படிச்சிட்டு அழுதே போயிட்டேன் ஆன்ட்டி."

டீச்சர் விடுவிடுவென்று படி இறங்கி வீட்டுக்குள் வந்தாள். மகன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவனுடைய புத்தகத்தின் நடுவே மடித்து வைத்திருந்த தாளை உருவிப் பிரித்தாள். மாடிவீட்டுப் பெண்ணுக்கு அவள் போட்டுக் கொடுத்த அதே அட்டவணை. முடித்த பாடங்களுக்கு எதிரே எல்லாம் ஒழுங்காக டிக் அடித்திருந்தான்.

"இது தப்புன்னு உனக்குத் தெரியுமாடா?"

"ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன்மா. தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன்டா இதையே பிடிச்சுக்கிட்டு அழுதே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"இதைப் படிச்சு நான் பாஸாயிட்டேன்னு வச்சுக்கோ... அப்புறம் நீ அவளுக்குக் கெடுதல் பண்ணினேன்னு ஆகாதுல்லம்மா?"