நீலப்புள்ளிக் கவுன்

காஞ்சிபுரம் பஸ் காதைக் கிழிக்கிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு கடைத்தெருவுக்குள் நுழைந்தது. கனகம் துணிப்பையை அணைத்துக்கொண்டு சட்டென்று தையல்கடைப் படியில் ஏறிக்கொண்டாள்.

கணவனுக்குப் புதுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து ஸ்ரீபெரும்புதூருக்குக் குடிவந்து இரண்டே நாள்தான். கடைகளைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று காலையிலேயே கிளம்பியிருந்தாள். பூக்காரம்மா கொசுறாக அரை முழம் கொடுத்தாள். ஜவுளிக்கடையில் அப்போதுதான் பிரித்த கட்டிலிருந்து நீலப்புள்ளித் துணி ஒன்றரை மீட்டர் கிழித்துக் கொடுத்தார்கள். கல்யாணமாகி எட்டு வருஷமாச்சே, இன்னும் ஒன்றும் இல்லையா என்று இந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. அதுவே மனசுக்கு இதமாக இருந்தது.

"வாங்கம்மா" என்றார் தையல்காரர் ஜெபகுமார்.

"ரவிக்கை தைக்கணும். மிச்சத் துணியை நீங்களே வெச்சிக்கோங்க."

மற்ற பெண்கள் மிச்சத்தில் பிள்ளைக்குக் கவுன் தைக்கச் சொல்வார்கள். பழைய ஊரிலும் அவள் எப்போதும் இப்படித்தான் சொல்வாள்.

"இன்னாம்மா, அதுலதான் அப்பவே கவுன் தைச்சாச்சே" என்று அவர் அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். அதே நீலப்புள்ளி. துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. கீழ்மடிப்பை ஒருமுறை பிரித்துவிட்ட கோடு தெரிந்தது. "பாப்பா மளமளன்னு வளந்துகினே போவுது. இப்ப எவ்ளோ பிரிக்கட்டும்?"

கனகம் பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். புதுத்துணி கஞ்சி மொடமொடப்போடு உள்ளேயே இருந்தது. கவுனை மடியில் விரித்து, கசங்கலை மெதுவாக நீவிவிட்டாள்.

"ரெண்டு விரல் பிரிச்சு விடுங்கண்ணா. இந்த வருஷம் பூரா போட்டுக்கும்."