ரப்பர் பந்து

தானாகவே சாவைத் தேடி அதன் வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பிய மகுடபதி மூன்றாம் முறையும் போவானா என்று அவன் மூளையைப் படமெடுத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். குகைபோன்ற இயந்திரத்துக்குள் தள்ளுமுன் நர்ஸ் ஸ்டெல்லா அவன் கையில் குழாய் பொருத்திய ஒரு ரப்பர் பந்தை வைத்தாள். "பயமா இருந்துச்சுன்னா அமுக்குங்கண்ணா. ஓடி வந்துருவோம்."

கண்ணுக்கு மேலே சிறு திரையில் சோதனைக்கான சொற்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. 'நாளை' என்று வந்ததும் அமுக்கினான். இயந்திரத்தின் இரைச்சல் நின்றது. மூன்று பேர் விழுந்தடித்து ஓடி வந்தார்கள். "என்னாச்சுங்கண்ணா?" ஸ்டெல்லாவுக்கு மூச்சு வாங்கியது. அந்த இரண்டு முறையும் மயக்கத்தில் கிடந்தவன், தனக்காக ஆட்கள் ஓடிவருவதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. "ஒண்ணுமில்லீங்க" என்றான் வெட்கத்துடன்.

மறுபடி தொடங்கினார்கள். மறுபடி 'நாளை' வந்தது, அமுக்கினான். இம்முறை ஸ்பீக்கரில் ஸ்டெல்லாவின் குரல் மட்டும் வந்தது. "சும்மா சும்மா அமுக்காதீங்கண்ணா, படம் கெட்டுப்போகுது."

விரல்களை விரித்தான். பந்து நழுவித் தன் குழாயில் தொங்கி ஆடியது. அதன்பின் எந்தச் சொல்லுக்கும் அவன் அசையவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் டாக்டரின் முகம் மலர்ந்தது. "இவ்வளவு தெளிவான படம் இதுவரைக்கும் நமக்கு வந்ததே இல்ல, ஸ்டெல்லா."