கதவு மட்டும் என்ன விலை?

“கதவு மட்டும் தனிய என்ன விலை, தம்பி?”

நவீன்ராஜுக்கு எரிச்சலாக வந்தது. காட்டுத்தீ வந்தால் ஒளிந்துகொள்ள நிலத்துக்குள் புதைக்கும் பாதுகாப்பு அறை, கதவு, படிக்கட்டு, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் டாலருக்குக் கண்ணெதிரே நிற்கிறது. வந்த மனிதரோ அதன் இரும்புக் கதவை மட்டும் விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முழு செட்டா வாங்குனா லாபம், அங்கிள்.”

“அறை எனக்கு வேண்டாம். கிடங்கு நானே வெட்டிப்போட்டன்.”

“குழிய நீங்களேவா வெட்டினீங்க?”

“ஓம். ஊரில ஷெல்லடிக்கேக்க எத்தினை பங்கர் வெட்டினனான். மேல பனங்குத்தி, அதுக்கு மேல மண்மூட்டை. இஞ்சயும் அப்பிடித்தான். அங்க ஆரும் பங்கருக்குக் கதவு போடுறேல்லை. ஒரு கிடங்குக்குப் பன்னிரண்டாயிரமோ எண்டு சிரிச்சனான்.”

பெயர் மகேந்திரராஜா என்றார். மெல்பர்னுக்கு வெளியே, மரங்கள் அடர்ந்த மலைப்பக்கத்தில் காணி வைத்திருப்பவர். கூட வந்த மனைவி இரஞ்சிதம் கடைக்குள் காலே வைக்கவில்லை. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

இந்த மாதிரி ஆட்களை நவீன்ராஜுக்கு நன்றாகவே தெரியும். ஊரில் உள்ள விலையெல்லாம் விசாரிப்பார்கள். கடைசியில் ஓர் ஆணிகூட வாங்காமல் போவார்கள். ஆனால் விரட்டிவிடவும் வழியில்லை.

போன வருடத் தீக்குப் பிறகு கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். இந்த வருடம் நல்ல மழை பெய்ததும் ஜனங்களுக்குத் தீ மறந்துவிட்டது. மலேசியாவிலிருந்து படிக்க வந்து, இந்தக் கடை கொடுத்த வேலையால் வீசாவோடு நிற்பவன் நவீன்ராஜ். இந்த மாதமும் ஒன்றும் விற்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். வீடு என்பது ஈப்போவில் இருக்கிறது.

கதவையாவது தலையில் கட்டிவிடலாம் என்று ஆரம்பித்தான்.

“அங்கிள், ஷெல் வேற, நெருப்பு வேற. மண்ணு நெருப்பத் தடுத்துரும். புகையத் தடுக்குமா? கதவு இல்லாத குழிக்குள்ள புகை இறங்கிச்சுன்னா, உள்ள இருக்கிறவங்க கொஞ்ச நேரத்துலயே...”

“தெரியும். விலையைச் சொல்லும்.”

“நாலாயிரம்.”

மகேந்திரராஜா கதவின் ஓரத்தில் ஓடிய ரப்பரைத் தடவிப் பார்த்தார். “போன வருசம் தை மாசம் இந்தக் கதவு இருந்ததோ?”

பழைய விலைக்கு அடி போடுகிறார் என்று நவீன்ராஜ் நினைத்தான். பொய் சொன்னால் வெளியே போய் விசாரிப்பார். உண்மையைச் சொல்வதே நல்லது.

“இருந்துச்சு, அங்கிள். அப்ப மூவாயிரத்து ஐந்நூறு.”

“வடிவா யோசிச்சுச் சொல்லும். தை மாசம் இருந்ததோ?”

“மூணு வருஷமா விக்கிறோம். இதே எடத்துலதான் நிக்குது.”

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். வந்த ஆள் போய்விடுவாரோ என்று நவீன்ராஜுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“சரி, அந்தப் பழைய வெலைக்கே எடுத்துக்கோங்க.”

அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தான். மலரவில்லை.

“மூவாயிரம்?”

அவர் மறுபடியும் அந்த ரப்பரைத் தடவினார்.

“என் கமிஷனையும் விட்டுர்றேன், அங்கிள். ரெண்டாயிரத்து ஐந்நூறு. இதுக்குக் கீழ என் கையில ஒண்ணும் இல்ல.”

“அவ்வளவுதானோ?” என்றார் அவர். விலை இறங்க இறங்க வாங்க வந்தவரின் முகம் கறுத்துப்போவதை நவீன்ராஜ் இந்தத் தொழிலில் இன்றுதான் பார்க்கிறான். என்ன ஜென்மமோ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டான். முதலாளி சொல்லிக்கொடுத்த கடைசி வசனம் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் எடுத்து விட்டான்.

“கோவிச்சுக்காதீங்க, அங்கிள். ஒரு கதவுக்குக் கஞ்சத்தனம் பார்த்துப் பெத்த புள்ளய யாராவது பலி குடுப்பாங்களா?”

மகேந்திரராஜா அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடி வெளியே நடந்து, காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

போனது போனதுதான். ஆனாலும் வீசாவை நினைத்தால் சும்மா இருக்க முடியவில்லை. நவீன்ராஜ் வாசலுக்கு ஓடினான்.

“ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்க. பணம் மெதுவாக் குடுத்தாப் போதும். நாளைக்கே ஆள் அனுப்பி மாட்டித் தர்றேன்.”

இரஞ்சிதம் எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. அழுது முடித்துப் பல நாளாகியிருக்க வேண்டும்.

“அவர் வாங்க வரேல்லை, தம்பி. அந்த நேரம் இப்பிடி ஒரு கதவே விக்கேல்லை எண்டு ஆராவது ஒருத்தர் சொல்லமாட்டினமோ எண்டு கடை கடையா ஏறி இறங்குறார். நீரும் சொல்லேல்லை.”

“எனக்குப் புரியல, ஆன்ட்டி.”

“போன வருச நெருப்புக்க, ‘ஓடாத, பங்கருக்குள்ள போய் இரு’ எண்டு எங்கட மகனுக்குப் போனில சொன்னது அவர்தான்.”